வயிற்றுக் கட்டிக்குப் பெயர் என்ன?

"வயிற்றில் கட்டி" என்னும் சொல் ஒரு குடும்பத்தின் செவியில் விழுந்த கணம் முதற்கொண்டு அவ்வீட்டில் இருவகை அச்சங்கள் குடிகொள்கின்றன. நோய் இன்னதென்று தெரிந்துவிடுமோ என்பது ஓர் அச்சம். தெரிந்துகொள்வதற்காகச் செய்யும் சோதனையே உயிருக்கு உலை வைத்துவிடுமோ என்பது மற்றோர் அச்சம். இவ்விரண்டிற்கும் இடையே நாள்கள் கழிகின்றன, நாள்கள் திங்கள்களாகின்றன. சோடாவும் வாயு மாத்திரையும் கைமருந்தும் மாறிமாறி நடைபெறுகின்றன. இறுதியில் மருத்துவமனையின் வாயிலை அடையும்பொழுது, செய்யத்தக்கது சிறிதே எஞ்சியிருக்கிறது.

இராணிப்பேட்டை தொடங்கி வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி வாழும் நம் தோல் தொழிற் குடும்பங்களில் இந்நிலையைக் காணாத பங்குத்தந்தை எவரும் இலர் எனலாம். ஆகவே இக்கட்டுரையில் ஒரே ஓர் உண்மையை வாசகர்முன் வைக்க விழைகின்றேன். கட்டிக்குப் பெயர் தெரியாமல் அதற்குத் தக்க மருந்து கொடுத்தல் இயலாது. அப்பெயரைப் பெரும்பாலும் நமக்குத் தருவது கைநாடியும் அன்று, ஸ்கேன் படமும் அன்று. உள்ளிருந்து கிள்ளியெடுக்கப்படும் கடுகளவான ஒரு திசுத் துணுக்கே ஆகும்.

ஓரிடம், பல நோய்கள்

சிறுகுடல் பெருங்குடலோடு வந்து சேருமிடம் நம் வலப்புற அடிவயிற்றில் உள்ளது. அவ்விடத்தில் ஒரு கட்டி தோன்றிற்று என வைத்துக்கொள்வோம். அது புற்றுநோயாக இருக்கலாம். நிணநீர்த் திசுவில் பிறக்கும் லிம்போமா என்னும் வேறுவகைப் புற்றாகவும் இருக்கலாம். அமீபாக் கிருமியால் விளைந்த வீக்கமாகவோ, க்ரோன் நோய் எனப்படும் நாட்பட்ட குடலழற்சியாகவோ இருக்கலாம். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் குடற்காசநோயாகவும் அது இருத்தல் கூடும். கைக்குத் தட்டுப்படும்பொழுது இவை யாவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். எடை குறைதல், காய்ச்சல், பசியின்மை, வயிற்றுவலி ஆகிய குறிகளும் பலவற்றிற்குப் பொதுவானவை. ஆனால் ஒன்றிற்கு அறுவை மருத்துவம் வேண்டும். மற்றொன்றிற்கு வேதி மருந்து வேண்டும். குடற்காசநோய்க்கோ பெரும்பாலும் ஆறு திங்கள் மாத்திரைகளே போதும்.

நான் பணியாற்றிய ஒரு பங்கில், காலணித் தொழிற்சாலையில் தையற்பொறியின்முன் அமர்ந்து பணிசெய்த தாய் ஒருவர் ஓராண்டாக மெலிந்துவந்தார். வயிற்றில் கட்டி இருப்பதாகக் கேள்வியுற்ற உறவினர், "இது புற்றுதான், இனி எதற்கு வீண்செலவு?" என்று முடிவு கட்டினர். மூத்த மகள் மட்டும் அதற்கு இசையாமல் தாயை அழைத்துச்சென்று குடல்நோக்குச் சோதனை செய்வித்தாள். எடுக்கப்பட்ட துணுக்கில் காசநோயின் அடையாளம் தெளிவாகக் காணப்பட்டது. ஆறு திங்கள் மருந்துண்ட அத்தாய் மீண்டும் தம் பொறியின்முன் அமர்ந்தார். பெயர் அறியப்படாதிருந்தால், தீர்க்கத்தக்க நோயினாலேயே அவர் மாண்டிருப்பார்.

உட்புகுந்து நோக்கும் கண்

மனித உடலின் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும் என்னும் வேட்கை பழமையானது. 1868-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மௌல் என்னும் மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணைகொண்டு நேரான உலோகக் குழாயை உணவுக்குழல் வழியே இரைப்பைக்குள் செலுத்திக் காட்டினார். ஆனால் வாள் விழுங்குவோர் எத்தனை பேர்? 1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் குழாயை உருவாக்கினார். அதுவும் நோயாளிக்குத் துன்பம் தருவதாகவே இருந்தது.

பெருந்திருப்பம் ஒளியிழையால் வந்தது. மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகளின் வழியே ஒளி வளைந்து செல்லும் என்னும் உண்மையைப் பயன்படுத்தி, அத்தகைய இழைக்கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் ஹெரால்டு ஹாப்கின்ஸும் நரிந்தர் சிங் கபானியும் இலண்டனிலிருந்து எழுதினர். கபானி நம் பஞ்சாபு மண்ணின் மைந்தர். இவ்வழியைப் பின்பற்றி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் முழுதும் வளையத்தக்க அகநோக்கியைச் செய்தார். அதனை நோயாளிக்குச் செலுத்துமுன் தாமே விழுங்கிப் பார்த்தார் அவர். இன்று கண்ணாடி இழைக்கு மாறாகக் குழாயின் நுனியில் நுண்ணிய ஒளிப்படக் கருவியே அமைந்துள்ளது. உட்காட்சி திரையில் பெரிதாகத் தெரிகின்றது.

எண்டாஸ்கோப்பி என்னும் இச்சோதனை எவ்வாறு நடைபெறுகின்றது? நோயாளி ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணி நேரம் உண்ணாதிருத்தல் வேண்டும். தொண்டை மரத்துப்போகும்படி மருந்து தெளிக்கப்படும். சுண்டுவிரல் பருமனுள்ள குழாய் வாய்வழியே உட்செல்லும். குமட்டல் இருக்கும், மூச்சு நிற்பதில்லை. பெரும்பாலும் பத்து மணித்துளிகளுக்குள் முடிந்துவிடும். பெருங்குடலை நோக்கும் சோதனைக்கு முன்நாளே பேதி மருந்துண்டு குடலைத் தூய்மை செய்தல் வேண்டும்; அதற்கு நேரமும் சற்றுக் கூடுதலாகும். குடலில் துளை விழுதல், குருதி கசிதல் போன்ற இடர்கள் அரிதாக நேர்வதுண்டு. அவற்றை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் முறையே. ஆனால் அரிய இடருக்கு அஞ்சி உறுதியான கேட்டினைத் தேடிக்கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது.

கண்ணால் கண்டது மட்டும் போதுமா? போதாது. தீங்கற்ற புண்ணும் புற்றுப்புண்ணும் சிலபொழுது ஒன்றுபோலவே காணப்படும். ஆகையால் குழாயினுள் செல்லும் சிறு இடுக்கியால், ஐயத்திற்குரிய புண்ணிலிருந்து ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட துணுக்குகளை எடுப்பது வழக்கம். இரைப்பைச் சுவரினுள்ளேயே பரவும் ஒருவகைப் புற்று மேற்பரப்பில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. எனவே, ஐயம் வலுவாக இருக்க, முதல் துணுக்கில் ஒன்றும் காணப்படாவிடில் மறுமுறையும் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறுவர். அதனைப் பணம் பறிக்கும் சூழ்ச்சி என்று எண்ணிவிடலாகாது.

"கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்னும் பேச்சு நம் ஊர்களில் வேரூன்றியுள்ளது. அகநோக்கி வழியே இரைப்பையின் அல்லது குடலின் உட்படலத்திலிருந்து கிள்ளும் இச்சிறு துணுக்கினால் புற்று பரவுவதில்லை. பலர் இச்சோதனைக்குப் பின் சில திங்களில் இறந்தமை உண்மையே. ஆயின் அவர்கள் மிகவும் காலந்தாழ்ந்து வந்தவர்கள். சோதனை அவர்களைக் கொல்லவில்லை, தாமதமே கொன்றது.

தோலும் துணுக்கும்

எடுத்த துணுக்கு என்ன ஆகின்றது என்பதைத் தோல் தொழிலாளருக்கு விளக்குதல் எளிது. பச்சைத் தோல் உப்பிடாவிடில் அழுகும். உப்பிட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டும், பின்னர்க் குரோமிய உப்புக் கொண்டும் பதனிட்டால், அது பல்லாண்டுகள் கெடாது நிற்கும். திசுத் துணுக்கிற்கும் அவ்வாறே. உடலைவிட்டு வெளிவந்த உடனே அது சிதையத் தொடங்கும். அதனைத் தடுக்க ஃபார்மலின் என்னும் நீர்மத்தில் இடுவர். ஜெர்மானியரான ஃபெர்டினாண்டு புளூம் 1893-இல் கண்டறிந்த முறை இது. ஃபார்மலின் திசுவின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுகச் செய்கின்றது. தோல் பதனிடுவோர் செய்வதும் இதுவே அன்றோ!

பின்னர்த் துணுக்கிலுள்ள நீரை நீக்கி மெழுகில் புதைப்பர். தோலைச் சீவி மெலிதாக்கும் பொறி போன்ற ஒரு நுண்கருவியால், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு கனமுள்ள ஏடாக அதனைச் சீவுவர். சாயமும் ஏற்றுவர். அவற்றுள் ஒன்று நடு அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படுவது. படிகாரத்தின் துணையால் பற்றிக்கொள்வது. அது உயிரணுக்களின் கருவை நீலமாக்கும். மற்றொரு சாயம் ஏனைய பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். இதன் பின்னரே நோய்க்குறியியல் வல்லுநர் நுண்ணோக்கியில் கண் வைக்கின்றார். கரு பெருத்துக் கோணலாகியுள்ளதா? வரிசையாக நிற்க வேண்டிய சுரப்பிகள் ஒழுங்கு குலைந்துள்ளனவா? வேலியைத் தாண்டும் ஆட்டைப்போல் உயிரணுக்கள் தம் எல்லையைக் கடந்து ஆழத்திற் புகுந்துள்ளனவா? இவற்றைக் கண்டு அவர் தீர்ப்பு எழுதுகின்றார். நோயாளி அவர் முகத்தைக் கண்டதில்லை. எனினும் மருத்துவம் முழுவதும் அவர் எழுதும் சில வரிகளின்மீதே நிற்கின்றது. அறிக்கை வரச் சில நாள்கள் ஆவது இதனாலேயே. பொறுத்திருத்தல் வேண்டும்.

இவ்வகை ஆய்விற்கு நம் வேலூர் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய பணி, கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வடாற்காடு மாவட்டத்துச் சிற்றூர்களில் ஸ்புரூ என்னும் குடல்நோய் பரவிப் பலரை வாட்டியபோது, அக்கல்லூரியின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகிய மருத்துவர்கள் அதனை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். அமெரிக்க மருத்துவர் வில்லியம் கிராஸ்பி 1957-இல் வெளியிட்ட விழுங்கும் உலோகக் குப்பியின் உதவியால், வயிற்றைக் கிழிக்காமலே சிறுகுடலிலிருந்து திசுவை எடுத்துப் பார்க்கும் வழி அக்காலத்தில் பிறந்திருந்தது. சகோதரத் திருச்சபையினர் வளர்த்த அறிவுப்பணி நம் வீட்டு வாயிலிலேயே உள்ளது. அதனைப் பயன்படுத்தத் தயங்குவது நாமே.

பெயரோடு வந்த மருந்து

பெயர் அறிவதால் என்ன பயன் என்று வினவுவோருக்கு மூன்று சான்றுகள் கூறுவோம்.

முதலாவது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து. நோய்க்குறியியல் வல்லுநரான ராபின் வாரன், 1979 முதல் இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த நுண்கிருமிகளைக் கண்டுவந்தார். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்பதே அன்றைய கொள்கை. அவருடன் பணிசெய்த பாரி மார்ஷல் அவற்றை வளர்க்க முயன்று பலமுறை தோற்றார். 1982-ஆம் ஆண்டுப் பாஸ்கா விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் கூடுதலாக ஐந்து நாள்கள் விடப்பட்டன. விடுமுறைக்குப் பின் பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! ஹெலிகோபேக்டர் பைலோரி எனப்படும் அக்கிருமி இரைப்பைப் புண்ணிற்கும், சிலரிடத்தில் இரைப்பைப் புற்றிற்கும் காரணமாவது பின்னர்த் தெளிவாயிற்று. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரைப்பையில் தோன்றும் ஒருவகை லிம்போமா, தொடக்க நிலையில் இருக்குமாயின், இக்கிருமியை ஒழிக்கும் மாத்திரைகளாலேயே பலரிடம் மறைந்துவிடுகின்றது என்று 1993-இல் இலண்டன் மருத்துவர்கள் காட்டினர். கத்தியின்றி, கதிர்வீச்சின்றி ஒரு கட்டி கரைகின்றது. ஆனால் அது எவ்வகைக் கட்டி என்பது தெரிந்திருந்தால் மட்டுமே.

இரண்டாவது, ஏழை நாடுகளில் இளம்வயதினரைத் தாக்கும் சிறுகுடல் லிம்போமா ஒன்று. ஓயாத வயிற்றுப்போக்கும் மெலிவும் அதன் குறிகள். இதுவும் தொடக்கத்தில் அறியப்பட்டால் டெட்ராசைக்ளின் போன்ற எளிய மருந்திற்கு இணங்குவதுண்டு, முற்றிவிட்டால் இணங்குவதில்லை.

மூன்றாவது, ஜிஸ்ட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இரைப்பை-குடற் சுவர்க்கட்டி. முன்னாளில் இது தசைக்கட்டி என்றே எண்ணப்பட்டது. வேதி மருந்துகள் இதனிடம் தோற்றன. 1998-இல் ஜப்பானின் ஒசாகா நகர ஆய்வாளர், இக்கட்டிகளில் கிட் என்னும் மரபணு கெட்டிருத்தலைக் கண்டனர். அதன் பின்னர்த் துணுக்கிற்கு ஒரு சிறப்புச் சாயமேற்றி இந்நோயை அடையாளம் காண வழி பிறந்தது. 2000-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் ஒரு பெண்மணிக்கு இமாட்டினிப் மாத்திரை கொடுக்கப்பட, பரவியிருந்த கட்டிகள் சுருங்கின. இம்மாத்திரையின் விலை பற்றிய வழக்கு நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கியதென்பதைப் பலர் அறியார். நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் அங்கே தந்த விண்ணப்பம் 2006-இல் மறுக்கப்பட்டது; 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதிசெய்தது. மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் எனப்பட்ட மருந்து, இந்திய நிறுவனங்களிடம் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்ததென அந்நாளில் கணக்கிட்டனர். ஏழைக்கும் எட்டும் மருந்து இருக்கின்றது. அதனைப் பெறுதற்குரிய சீட்டு அந்தக் கடுகளவுத் துணுக்கின் அறிக்கையே.

தொழில்தான் காரணமா?

"தோல் தொழிலால்தான் இந்த வயிற்றுப் புற்று" என்று நம் மக்கள் அடிக்கடி கூறுவர். நேர்மையாகப் பார்ப்போம். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, தோல் தூசியை மூக்கறைப் புற்றிற்கும், ஆறிணைதிறன் குரோமியத்தை நுரையீரற் புற்றிற்கும் காரணமென உறுதிசெய்துள்ளது. பதனிடும் தொட்டியில் இடப்படுவது மூவிணைதிறன் குரோமியம், அது வேறு. இரைப்பைப் புற்றிற்கும் தோல் பதனிடுதலுக்கும் அத்தகைய உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. இவ்வாறு கூறுவதால் கழிவுநீர் குற்றமற்றது என்பதன்று. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கழிவுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு நாடறிந்தது; தூய நீர் நம் மக்களின் உரிமை. ஆனால் பழியைத் தொழிற்சாலைமேல் சுமத்திவிட்டு, இரைப்பைப் புற்றிற்குக் காரணமென உறுதியாக அறியப்பட்ட புகையிலையையும் பீடியையும் கைவிடாதிருப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்ளுதல் ஆகும். உப்பு மிகுந்த கருவாட்டையும் ஊறுகாயையும் நாள்தோறும் உண்பதும் நன்றன்று. 1980-களின் தொடக்கம் முதல் பேணப்படும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களைத் தாக்கும் புற்றுகளுள் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் நின்றுவருகின்றது என்பதை மறத்தலாகாது.

எப்பொழுது விரைய வேண்டும்?

உணவு விழுங்கத் தடை, காரணமின்றி எடை குறைதல், ஓயாத வாந்தி, தார்போல் கறுத்த மலம், மலத்தோடு குருதி, இரத்தசோகை, மலம் கழிக்கும் வழக்கம் பல வாரங்களாக மாறியிருத்தல், நடுவயது கடந்தபின் புதிதாகத் தோன்றிய செரியாமை, பெற்றோர் உடன்பிறந்தாருள் எவர்க்கேனும் குடற்புற்று இருந்தமை. இவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரை நாடுக. குருதி கண்டவுடன் மூலநோய் என்று தாமே முடிவு செய்தல் கேடு தரும். அமிலம் தணிக்கும் மாத்திரைகள் புற்றுப்புண்ணின் வலியையும் சிலகாலம் தணித்து நம்மை ஏமாற்றக்கூடும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. பெருங்குடலில் தோன்றும் சிறு முளைகள் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டளவு ஆகும். அதற்குள் அவற்றை அகநோக்கி வழியே அகற்றிவிட்டால் புற்று வராமலே தடுக்கலாம்.

செலவிற்கு அஞ்சுவோர் தம்மிடமுள்ள ஈ.எஸ்.ஐ. அட்டையை முதலில் நினைப்பாராக. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும், அடுக்கம்பாறையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஏழைகளுக்கென்றே உள்ளன. பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞரும், அட்டையைத் தேடி எடுத்துக்கொடுப்பதும், வழித்துணையாகச் செல்வதும், அறிக்கையைப் பெற்றுவந்து தருவதும் மெய்யான அறச்செயல்களாகும்.

மறைக்கும் அன்பு

இறுதியாக ஒன்று. அறிக்கை வந்ததும் பல வீடுகளில் அதனை நோயாளியிடமிருந்து மறைக்கின்றனர். "தெரிந்தால் உடைந்துபோவார்" என்பது காரணம். அன்பினால் செய்வதே எனினும், அவருடைய உடலைப் பற்றிய உண்மை அவருக்கே உரியது. அண்டை வீட்டார் அறிந்திருக்க, அவர் மட்டும் அறியாதிருத்தல் எவ்வளவு பெரிய தனிமை! கடன்களைத் தீர்க்கவும், பகைத்தவரோடு ஒப்புரவாகவும், பிள்ளைகளுக்கு வழிசொல்லவும், மருத்துவத்தை ஏற்கவோ மறுக்கவோ தாமே முடிவு செய்யவும் அவருக்குக் காலம் வேண்டும். மென்மையாக, சிறிது சிறிதாக, அவர் கேட்கும் அளவிற்குக் கூறுங்கள்; ஆனால் பொய்யுரைக்காதீர்கள்.

இம்மறைப்பினால் குருவானவரை அழைப்பதும் தள்ளிப்போகின்றது. "சாமியார் வந்தால் பயந்துவிடுவார்" என்பர். முன்னாளில் அவஸ்தைபூசுதல் என்று அழைக்கப்பட்டதால் வந்த மயக்கம் இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் நெறிப்படி, 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இத்திருவருட்சாதனத்தின் சடங்குமுறையைப் புதுப்பித்தார். அது நோயில்பூசுதல், சாவில்பூசுதல் அன்று. பெரிய அறுவை மருத்துவத்திற்கு முன்னரும், கடுநோய் என்று அறிந்தவுடனேயும் அதனைப் பெறலாம், பெறுதல் நன்று.

செபமும் சோதனையும் ஒன்றையொன்று விலக்குவன என்று எண்ணுவோர் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து படிக்கட்டும். மருத்துவரையும் மண்ணிலிருந்து வரும் மருந்தையும் இறைவனே படைத்தார் என்றும், மன்றாடியபின் மருத்துவருக்கும் இடந்தர வேண்டும் என்றும் அங்கே கற்பிக்கப்படுகின்றது. திருப்பயணத்திற்கு நேர்ந்துகொள்ளுங்கள், அதற்கு முந்திய வாரமே எண்டாஸ்கோப்பிக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எவரேனும் பல வாரங்களாக "வாயுதான், ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கி வைக்கிறாரா? இன்றே அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். நாளையே அவருடன் செல்லுங்கள்.